இறங்கிக்கொண்டே போகும் சுருதி

கிட்டாரின் மூன்றாம் தந்தியைத் தட்டினால் நாதம் வரவில்லை, கரகரவென்று ஏதோ வருகிறது, தந்தி தளர்ந்துபோய் கழுத்துக் கட்டைமேல் உதறுகிற சத்தம், இன்னும் இறக்கினால் துணி காயப்போட்டுக்கொள்ளலாம், ஆனாலும் இறக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அடுப்படியில் எப்சி ரவை வறுத்துக்கொண்டே முனகுகிற பாட்டு நேற்று இருந்த இடத்தைவிட இன்று இன்னும் கொஞ்சம் கீழே கிடக்கிறது. எனக்கு நன்றாகக் கேட்கிறது. கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருப்பேன். கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தத்துக்கு அடியில், நெய் வாசனைக்கு அடியில், என் பெண்டாட்டியின் குரல் தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்று சாயங்காலம் இந்த முன்னறையில் பாய் விரித்து ஸ்தோத்திரக் கூட்டம், கழுத்தில் இருந்த கட்டியை எடுத்து அவளைப் பிழைக்க வைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லுகிற கூட்டம், சபையில் பாதிப் பேர் வருவார்கள், வந்து உட்கார்ந்ததும் ஒருவருமே வாயைத் திறக்க மாட்டார்கள், எல்லாரும் எப்சியைப் பார்ப்பார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எந்த வீட்டு ஜெபமானாலும் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். சுருதிப்பெட்டி கிடையாது, கீபோர்டு கிடையாது, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள், அவள் தொடங்கின இடம்தான் சுருதி, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். ஆம்பளைகள் பாதி வழியில் மூச்சு முட்டி ஒரு படி கீழே பாடுவார்கள். அவ்வளவு உயரத்தில் எடுப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் வாய்திறந்து பாடவில்லை. இந்த முனகல் மட்டும்தான்.

முனகலாவது இருக்கிறதே என்றுதான் நான் கிட்டாரை எடுத்தேன். மகள் செரின் கல்லூரியில் சேர்ந்த புதிதில் வாங்கி, ஒரே மாதத்தில் விரல் வலிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கோயம்புத்தூர் போனாள், அது அங்கேயே தூசி தின்றுகொண்டு கிடந்தது. எனக்கு ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை, சங்கீதத்துக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைக்கிற ஆள். ஆனால் காது இருக்கிறது. அந்தக் காதுதான் இப்போது என்னைக் கொல்லுகிறது. அவளுக்கு ஓய்வு வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள், வீடு அப்படியே ஊமையாகிவிட்டது, மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம், எனக்குப் பொறுக்கவில்லை, ஒருநாள் தூசியைத் தட்டிப் புதுத் தந்தி போட்டு வீடியோவில் சொன்னபடி முறுக்கினேன், மேல் தந்தி பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. எப்சி ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள், சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அன்றைக்கு அவள் சிரித்ததற்காகவே விடாமல் வாசித்தேன். சி என்கிற கார்டுக்கு, பல தந்தியைச் சேர்த்து அழுத்துகிற ஒரு பிடி அது, மூன்று விரலையும் மூன்று திசையில் நீட்ட வேண்டும், மோதிர விரல் போகவே போகாது, அது என் கை விரல் என்று சொல்லவே வெட்கமாக இருக்கும், இழுத்து வைத்தால் சுண்டுவிரல் எழுந்து நிற்கும். நுனி கன்றி, தோல் உரிந்து, பிறகு காய்ப்பு பிடித்தது. வேலையில் பேனா பிடிக்கும்போது அந்தக் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொள்வேன். ஒரு நாள் கார்டு மாற்றுகிற இடைவெளி இல்லாமல் நாலு வரி ஓடியது, அப்போதுதான் அடுப்படியிலிருந்து அந்த முனகல் வந்தது, என் வாசிப்பு மேலே மெதுவாக ஒட்டிக்கொண்டு, அவளுடைய பாட்டு. நான் மூச்சைக்கூட விடாமல் வாசித்தேன். நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அதோடு வீடியோவையும் விட்டேன். கூட வேலைபார்க்கிறவன் போனில் சுருதி காட்டுகிற ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான், முள் நடுவில் நின்றால் பச்சை எரியும், அதையும் அழித்தேன். உலகத்துச் சுருதி எனக்கு எதற்கு, எனக்கு அவள் சுருதி போதும். வேலை முடிந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்தால் முதலில் கொஞ்சம் தட்டுவேன், அவள் முனக ஆரம்பிப்பாள், காதைக் கூர்மையாக்கி அவள் பாட்டுத் தொடங்குகிற இடத்தைப் பிடித்து மூன்றாம் தந்தியை அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன், மற்றத் தந்திகளை அதிலிருந்து பிடித்துக்கொள்வேன். ஒரு தந்தியை அழுத்திப் பக்கத்துத் தந்தியோடு சேர்த்துத் தட்டினால் இரண்டும் ஒத்துப்போகாதபோது சத்தத்தில் நடுங்குகிற மாதிரி ஒரு அலை எழும், திருகத் திருக அலை மெதுவாகும், பிறகு அடங்கும். அந்த அடங்குகிற நேரத்தைப்போல நிம்மதி வேறு இல்லை. எப்சியின் முனகலுக்கும் என் தந்திக்கும் நடுவே அந்த அலை அடங்கும்போது, இதோ, சரியாகிவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பேன். அடுத்த நாள் உட்கார்ந்தால் அவள் கொஞ்சம் கீழே இருப்பாள். முதலில் என் காதுதான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு பனிக்காற்று என்று நினைத்தேன். பாவம், எட்டிப் பிடிக்கக் கஷ்டப்படுகிறாளோ என்று நானே இன்னும் ஒரு சுற்று தளர்த்தி வைப்பேன், அவளும் அங்கே வந்து சேர்ந்துகொள்வாள், அப்பாடா என்றிருக்கும், மறுநாள் மறுபடியும் கீழே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆனால் தந்தி பொய் சொல்லாதே. தந்தி தொளதொளவென்று தொங்குகிறதே. ஒரு மனுஷியின் குரல் வாராவாரம் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும், அவளிடம் எப்படிச் சொல்ல.

அந்த டாக்டர் என்ன சொன்னார், திரும்பத் திரும்ப அதைத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். கட்டி கெட்ட கட்டி இல்லை, பயப்பட வேண்டாம் என்றார், அது நிச்சயம், அதை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலதான் ஓடுது, கொஞ்சம் மாற்றம் இருக்கலாம், பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம். சிக்னல் வேலையில் நாங்களும் சொல்லுகிறோமே பாப்போம் என்று, பழுது என்னவென்று தெரியாதபோது ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுகிற பாப்போம். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம். அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார், எப்சி அப்போது சேலைத் தலைப்பைக் கழுத்துக் கட்டைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நான் வெளியே வந்து "எல்லாம் சரியாயிருக்காம்" என்றேன், அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன். அந்தக் கொஞ்சத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்குக் கூட்டமே வைத்திருக்க மாட்டாளோ என்னவோ. இல்லை, கூட்டத்தை வைத்ததும் அவள் இல்லை, ரூபி அக்காள். பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர், எதிர்த்த வீடு, ஒரு காரியத்தைத் தொட்டால் விடாத பொம்பளை, போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாளைக் குறித்துவிட்டாள். "எப்சி, ஒம் பாட்டக் கேட்டு எத்தன நாளாச்சு, நீதான் எடுத்துக் குடுக்க" என்றாள். எப்சி தலையை ஆட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா, பார்க்கலாம் என்கிற ஆட்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "நானும் கிட்டார் வாசிக்கேன்க்கா" என்றுவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன். அவள் இறங்குகிற இடத்தில் நானும் இருந்தால் யாருக்கும் தெரியாது, சுருதியே அதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள் என்கிற தைரியம். இப்போது நான் இருக்கிற இடம் கரகரவென்கிறது.

போன் அடிக்கிறது. ரூபி அக்காள்தான். "தியோடர், நாற்காலி எத்தன போடணும்? பெரியவங்க கொஞ்சம் பேரு தரையில இருக்க மாட்டாவ." இருக்கிறதைப் போடுங்கள் என்றேன். "எப்சி தொண்டைக்கு வெந்நி குடுத்தியளா? ஐயரம்மாகிட்ட சொல்லியிருக்கேன், இன்னைக்கு எப்சி பாட்டு இருக்குன்னு." ஐயரம்மா என்றால் எங்கள் போதகரின் மனைவி. வெந்நீர் கொடுத்தாச்சு என்றேன், கொடுக்கவில்லை. போனை வைத்ததும் உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருக்கிறது, வேட்டியில் துடைத்தாலும் மறுபடி வேர்க்கிறது, வேர்த்த கையோடு கிட்டார்க் கழுத்தைப் பிடித்தால் வழுக்கும். நினைத்துப் பார்க்கிறேன், நினைக்க வேண்டாம் என்றாலும் வருகிறது, எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், எப்சி மூச்சை இழுக்கிறாள், முதல் வார்த்தை எங்கோ தரைக்குள்ளிருந்து வருகிறது, ஆம்பளைச் சத்தம்போல, ஒரு சின்னப்பிள்ளை களுக்கென்று சிரிக்கிறது, அதன் அம்மா தொடையில் கிள்ளுகிறாள், ரூபி அக்காள் நல்லெண்ணத்தில் உடனே தன் சுருதியில் எடுத்துவிடுகிறாள், எல்லாரும் அப்பாடா என்று அவள் பின்னால் போய்விடுகிறார்கள், எப்சி வாயை மூடிக்கொள்கிறாள். அந்த வாயை மூடுகிற இடம்தான். அதை நான் பார்க்க மாட்டேன். அதற்குப் பிறகு அவள் முனகவும் மாட்டாள், எனக்குத் தெரியும் அவளை, ஒருமுறை கேசரியில் உப்பு விழுந்ததென்று யாரோ சொன்னதற்கு வருஷக்கணக்கில் கேசரியே கிண்டாதவள். வீடு மறுபடியும் மின்விசிறிச் சத்தத்தோடு நின்றுவிடும். காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளலாமா. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் பொய் சொல்லித் தப்பிக்கிறவனைக் கர்த்தர் எந்தக் கணக்கில் வைப்பார். வேறு என்ன செய்ய, ஆண்டவரே, வேறு என்னதான் செய்ய. கொஞ்சம் இறக்கு. இன்னும் கொஞ்சம் இறக்கித்தான் பார். தந்தியின் திருகாணியைத் தளர்த்துகிறேன், தந்தி ஊசலாடுகிறது, தட்டுகிறேன், அடுப்படியில் முனகல் தடுமாறுகிறது, தேடுகிறது, என் தந்தி போன இடத்துக்கு ஊர்ந்து வருகிறது, வந்து, வராமல், இருமலாகி நின்றுபோகிறது.

கரண்டியை வைக்கிற சத்தம். அடுப்பை அணைக்கிற சத்தம். எப்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் நிலையில் வந்து நிற்கிறாள். கழுத்தில் அந்தத் தழும்பு, சங்கிலி போட்ட மாதிரி ஒரு கோடு, வேர்வையில் மினுங்குகிறது. கோபமாக இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். கோபம் இல்லை, பயந்துபோய் இருக்கிறாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லுங்க."

"என்ன?"

"டாக்டர் ஒங்ககிட்டத் தனியா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

"அப்பம் ஏன் இதப் போட்டு இப்படி இறக்கிட்டே போறீய? நானும் பாக்கேன், வாரத்துக்கு வாரம் கீழ, கீழ. எனக்கு இனிமே இவ்வளவுதான் வரும்னு அவரு சொல்லிட்டாரு போல, என்கிட்ட சொல்ல முடியாம இவ்வொ கிட்டாரு வச்சுப் பழக்குதாவன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க இறக்க இறக்க நானும் இறங்கிக்கிட்டே வாரேன். இப்பம் எனக்குத் தொண்டைக்குக் கீழ போக எடமே இல்ல. இருமல்தான் வருது."

வார்த்தை விளங்கியது, காரியம் விளங்கவில்லை. நீதானே முதலில் இறங்கினாய் என்றேன். நீ முனகுகிற இடத்துக்குத்தானே நான் தந்தியை வைத்தேன் என்றேன். "நான் எங்கன எறங்குனேன்? நீங்க வாசிக்கிற எடத்துல நான் முனகுனேன். படிக்கிற மனுஷன் மனசு நோகக் கூடாதுன்னு கூடவே வந்தேன்" என்றாள். புதுத் தந்தி. புதுத் தந்தி இழுபட்டுக் கொடுக்கும், ஒரு ராத்திரி இருந்தாலே சுருதி தளர்ந்துபோகும், அந்த வீடியோவில் முதல் நாளே சொன்னானே, நான்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்கவில்லை. தந்தி தளர்ந்தது, அவள் தந்தியோடு வந்தாள், நான் அவளோடு போனேன், மிச்சத்தைப் பயம் தளர்த்தியது. இத்தனை வாரமும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் ஒருவரை ஒருவர் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே போயிருக்கிறோம், இரண்டு பேரும் மற்றவரைத் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு. சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, தோள் குலுங்கியது. "நல்ல மனுஷன்தான் போங்க" என்றாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பயம் எழுந்து நின்றது, முன்னதைவிடப் பெரியது. அப்படியானால் அவள் குரல் எங்கே இருக்கிறது? நான் கேட்டது அவள் குரலே இல்லையென்றால், உண்மையான குரல் எங்கே, இருக்கிறதா இல்லையா? முனகிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காரியம் இல்லை அது. வாய்திறந்து பாடித்தான் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாற்காலி வந்துவிடும். பாடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தெரியாமலே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது, அவ்வளவு கோழை நான்.

நான் கேட்கவில்லை. அவளே எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூச்சு, அதை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன், பிறகு அவளுடைய பழைய இடத்தில், அந்த உயரத்தில், முதல் வரி. குரல் இருந்தது. கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருந்தது, ஆனால் இருந்தது, என் கண் நிறைந்துவிட்டது. இரண்டாம் வரியும் வந்தது. மூன்றாம் வரியில் பாட்டு மேலே ஏறுகிற இடம் உண்டு, ஆம்பளைகள் விட்டுவிடுகிற இடம், அங்கே அவள் வாய் திறந்திருந்தது, உதடு வார்த்தையைச் சொன்னது, சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கீழே இறங்கினதும் குரல் மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. இன்னொரு தடவை போனாள். அதே இடம், அதே காற்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இங்கனதான் நிக்குது" என்றாள். "குளிக்கும்போது பைப்பத் தெறந்துவிட்டுப் பாடிப் பாத்துருக்கேன். என்ன பண்ணுனாலும் இதுக்கு மேல வரல. வந்த மொத வாரத்துலயே எனக்குத் தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க என்கிட்ட எதச் சொன்னீய?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன், நரம்பு, கொஞ்சம் மாற்றம், பாப்போம், எல்லாவற்றையும். அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "சரி" என்றாள். "ரெண்டு படி இறக்கி எடுத்தா அந்த எடத்தையும் பாடிரலாம். பழைய மாதிரி இருக்காது. ரூபி அக்கா கண்டுபிடிச்சிருவாவ. இருந்தாலும் பாட்டு முழுசும் வந்துரும்." பிறகு, சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி, "போதும்லா, அத்தான்?" என்றாள்.

போதும் என்றேன். போதாது. எனக்கு அந்த உயரம் வேண்டும். கல்யாணத்துக்கு முந்தி, பெண் பார்க்கப் போன வீட்டில், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளறையிலிருந்து கேட்ட அந்த உயரம் வேண்டும், அது இனி எந்த வீட்டிலும் கேட்காது, அதற்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு மனசு இல்லை. வெளியே கேட் திறக்கிறது, ரூபி அக்காள் யாரையோ பார்த்துப் பாதையில் செருப்பைப் போடாதே என்று சத்தம் போடுகிறாள், நாற்காலிகள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன. "சீக்கிரம், அத்தான்" என்று சொல்லிவிட்டு எப்சி தொடங்குகிறாள், இரண்டு படி கீழே, மெதுவாக, ஒரே சுருதியை நீட்டிப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள். திருகாணியைத் திருப்புகிறேன், இந்தத் தடவை மேலே. தந்தி இறுகுகிறது. அவளுக்கும் தந்திக்கும் நடுவே அலை எழுகிறது, வேகமாக, பிறகு மெதுவாக. அவள் மூச்சு குறைந்துகொண்டு வருகிறது, ஆனாலும் விடவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறாள், அலை அடங்குகிறவரைக்கும்.